உசிலை மரமும் ஷாம்பூ பாக்கெட்டும் - மதுரைப் பக்கத்துக் குளியல் பொடியின் கதை

உசிலம்பட்டி என்றதும் பலருக்கு 1993-ல் வந்த 'ஜென்டில்மேன்' படப் பாட்டு தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு மரம் ஒளிந்திருக்கிறது. உசிலை மரம். அந்த மரங்கள் நிறைய இருந்ததால் தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். தாவரவியல்காரர்கள் இதற்கு வைத்த பெயர் அல்பீசியா அமரா. இதன் இலையைப் பறித்து, காய வைத்து, இடித்துச் சலித்தால் கிடைப்பது தான் அரப்புப் பொடி. எண்ணெய் தேய்த்த தலையை அலச மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட பொடி இது. மதுரைக்கு மேற்கே ஒரு தாலுகாவின் தலைமை ஊரே, தலைக்குத் தேய்க்கும் பொடியின் மரத்துப் பெயரைத் தாங்கி நிற்கிறது!

"அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை, இப்போது எல்லாம் கெமிக்கல்" என்று புலம்புவது எளிது. ஆனால் குளியல் பொடியின் வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. எந்த மண்ணில் எது விளைந்தது, யார் இடித்தார்கள், யாருக்கு நேரம் இருந்தது, யாருக்குத் தண்ணீர் கிடைத்தது என்ற கேள்விகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

பழைய பட்டியல்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது கீழடி. அங்கே நடந்த அகழாய்வில் உறைகிணறுகளும், தந்தத்தில் செய்த சீப்பும் கிடைத்திருக்கின்றன. தலை வாரிக்கொள்வது அங்கே இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம். பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சி (மாங்குடி மருதனார் பாடியது), மதுரைக் கடைவீதியை விவரிக்கும்போது பூ விற்பவர்களோடு, இடித்த வாசனைச் சுண்ணம் விற்பவர்களையும் சொல்கிறது. ஆக, வாசனைப் பொடியைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் மதுரைக்குப் புதிதில்லை.

இன்னும் விரிவான தகவல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கடலாடு காதையில் மாதவி நீராடும் இடத்தில் 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை ஊறிய நீர் பற்றி இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். அவை என்னென்ன என்று பட்டியல் போட்டவர் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார்.

துவர் என்றால் துவர்ப்புச் சுவை உள்ள பொருள்கள். பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், அதோடு ஆல், அரசு, அத்தி, இத்தி. எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து. விரை ஐந்து: கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம். ஓமாலிகை வரிசையில் ஏலம், இலவங்கம், நன்னாரி, இலாமிச்சை என்று நீள்கிறது.

இதில் முதலில் வரும் பூவந்தி வேறு எதுவும் இல்லை, பூந்திக்கொட்டை தான்! தண்ணீரில் ஊற வைத்துக் கசக்கினால் நுரை வரும் அதே கொட்டை. இதன் தாவரவியல் பெயரான 'சபிண்டஸ்' என்பதற்கே 'இந்திய சோப்பு' என்று தான் பொருள். உ.வே.சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டதால் தான் இந்தப் பட்டியல் நம் கைக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது புகார் நகரத்தில் செல்வாக்கோடு வாழ்ந்த ஒரு நாடகக் கணிகையின் குளியல். அகிலும் சந்தனமும் குடியானவர் வீட்டில் இருந்திருக்காது. அந்த வீட்டுப் பொடி என்ன என்று எந்தக் காப்பியமும் பட்டியல் போடவில்லை.

மலைக்குச் சீயக்காய், மானாவாரிக்கு உசிலை

ஏழை வீட்டுப் பொடியைத் தெரிந்துகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். சீயக்காய் மலையடிவாரங்களிலும் மலைச் சரிவுகளிலும் வளரும் முள்கொடி. மலையிலிருந்து இறங்கி, சந்தைக்கு வந்து, காசு கொடுத்தால் தான் சமவெளி வீட்டுக்கு அது கிடைக்கும். உசிலை அப்படி இல்லை. வறண்ட கரட்டிலும் மானாவாரிக் காட்டு ஓரத்திலும் தானாக வளரும். இலை பறிக்க யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வைகைப் படுகைக்கு வந்தபோது மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் வயல் பெருகியது. உசிலம்பட்டிப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகவே நின்றது. நெல் விளைந்த பக்கத்தில் சோறு வடித்த கஞ்சி இருக்கும். சீயக்காய்ப் பொடியை அந்தக் கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பார்கள். வறண்ட பக்கத்தில் அரப்பு கைகொடுத்தது. வயலில் என்ன விளைந்ததோ, அதற்கேற்பத் தான் தலைக்குளியலும்.

இதில் ஒரு வேதியியல் விஷயமும் இருக்கிறது. சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் அழுக்கை எடுப்பது 'சபோனின்' என்ற பொருள். சோப்பு செய்யப்படும் விதமே வேறு. எண்ணெயோடு காரம் சேர்ந்து உண்டாவது அது. உப்புத் தண்ணீரில், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள கடின நீரில், சோப்பு நுரைக்காது. திரிதிரியாகப் பிரிந்து முடியில் ஒட்டிக்கொண்டு சிக்கு விழும். சபோனினுக்கு அந்தத் தொல்லை இல்லை. கிணற்றிலும் போர்வெல்லிலும் கடின நீர் வரும் ஊர்களில் அரப்பு நீண்ட காலம் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு நல்ல காரணம். பாட்டிகளுக்குக் கால்சியம் தெரியாது. எந்தத் தண்ணீரில் எது வேலை செய்யும் என்பது தெரியும்.

உலக்கை பிடித்த கை

ஒரு வீட்டுச் சீயக்காய்ப் பொடிக்குப் பொதுவாக என்னென்ன வேண்டும்? ஒரு கிலோ சீயக்காய், கால் கிலோ பச்சைப்பயறு, கொஞ்சம் வெந்தயம், பூந்திக்கொட்டை, காய்ந்த செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல். உடம்புக்கு நலங்கு மாவு என்றால் பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு. வீட்டுக்கு வீடு அளவு மாறும். வயலிலும் தோட்டத்திலும் கிடைக்காததை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். 'வீட்டுத் தயாரிப்பு' என்று நாம் சொல்வதில் பாதி எப்போதுமே கடைச் சரக்கு தான்.

மீதிப் பாதி உழைப்பு. காய வைப்பது, விதை நீக்குவது, உரலில் போட்டு இடிப்பது, சலிப்பது, கப்பியை மறுபடி இடிப்பது. இடிக்கும்போது பறக்கும் சீயக்காய்த் தூசியில் தும்மலும் கண் எரிச்சலும் நிற்காது. இது முழுக்கப் பெண்கள் வேலை. சம்பளம் கிடையாது. பிறகு ஊருக்கு ஊர் கரண்டு மாவு மில் வந்தபோது, இந்த வேலை மில்லுக்குப் போனதில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். மிளகாய் அரைத்த மெஷினில் சீயக்காய் அரைக்கக் கூடாது என்பது மட்டும் புதுக் கவலையாகச் சேர்ந்துகொண்டது!

இந்தப் பொடிகள் எல்லோருக்கும் பொதுவாகவும் இருக்கவில்லை. கணவனை இழந்த பெண்ணுக்கு மஞ்சளும் நலங்கும் பூவும் மறுக்கப்பட்டன. பல கிராமங்களில் ஊர்க் குளத்தில் தலித் மக்கள் இறங்க முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளேயே 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்த பிறகு தான் பொற்றாமரைக் குளத்துப் படிகள் அவர்களுக்குத் திறந்தன. பழைய குளியலின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவது தான் நியாயம்.

சோப்பு வந்தது

1888-ல் லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்பு கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1895-ல் லைஃபாய். நம் பக்கத்தில் அரசாங்கங்களே சோப்புத் தொழிலில் இறங்கின. அன்றைய சென்னை மாகாண அரசு 1914-ல் கோழிக்கோட்டில் சோப்புத் தொழிலைத் தொடங்கியது. மைசூர் சமஸ்தானம் 1916-ல் பெங்களூரில் சந்தன சோப்புத் தொழிற்சாலை கட்டியது. டாடா ஆயில் மில்ஸின் ஹமாம் 1931-ல் வந்தது.

மதுரையும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1875-ல் ரயில் வந்தது. 1890-களின் தொடக்கத்தில் ஹார்வி மில் ஓடத் தொடங்கியது. சங்கு ஊதும் நேரத்துக்குள் மில் வாசலில் நிற்க வேண்டிய தொழிலாளிக்கு, எண்ணெய் தேய்த்து ஊறி அரப்புப் போட்டுக் குளிக்க வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. மற்ற நாட்களுக்கு சோப்பு வசதியாக இருந்தது.

தண்ணீரும் ஒரு காரணம். அரப்போ சீயக்காயோ தேய்த்தால் பொடி முழுக்கப் போகும் வரை அலச வேண்டும். ஆற்றிலும் கிணற்றடியிலும் அது கஷ்டமில்லை. வைகை வருடத்தில் பல மாதம் மணலாகக் கிடக்க, குழாயடியில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் நகரத்து வீட்டில் அது ஆடம்பரம்.

பாக்கெட்டின் வெற்றி

சோப்பு உடம்பைப் பிடித்தது. ஆனால் தலை ரொம்ப நாள் சீயக்காயிடமே இருந்தது. பாட்டில் ஷாம்பூ பணக்காரர் சமாச்சாரம். அதை உடைத்தது மதுரை இல்லை, கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்கும் பொருள் ஏழைக்கும் கிடைக்க வேண்டுமென்று சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைத் தொடங்கினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் ஆரம்பித்தது தான் 'சிக்' ஷாம்பூ. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். 1999-ல் 50 பைசாவுக்கே பாக்கெட் வந்தது.

50 பைசாவுக்கு எதிராக உலக்கை என்ன செய்ய முடியும்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இலை பறித்து, இடித்து, சலிப்பதை விட, பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் கிழிப்பது லாபம். இது அறியாமையால் நடந்த மாற்றம் இல்லை, கணக்குப் பார்த்து நடந்த மாற்றம். அதே கம்பெனி பிறகு 'மீரா' என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் போட்டது இன்னொரு சுவாரசியம். வீட்டு உரலிலிருந்து காணாமல் போனது, கடை வாசலில் சரமாகத் தொங்கியது.

வீட்டுப் பொடி வியாபாரமாவது மதுரைக்கும் தெரிந்த கதை தான். ரேடியோ விளம்பரத்தால் கடல் தாண்டியும் தெரிந்த கோபால் பல்பொடி மதுரைச் சரக்கு தானே.

திரும்பி வந்த பொடி

இப்போது சக்கரம் மறுபடி சுற்றியிருக்கிறது. சுயஉதவிக் குழுப் பெண்களும், வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களும் நலங்கு மாவு, அரப்பு, குளியல் சோப்பு தயாரித்து விற்கிறார்கள். சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு இப்போது விலை கிடைக்கிறது. இது நல்ல மாற்றம் தான்.

ஆனால் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஒன்று சட்டம். 1940-ம் வருட மருந்துச் சட்டத்தில் 1962-ல் செய்த திருத்தத்தால் அழகுப் பொருள்களும் அதற்குள் வந்தன. சொந்த உபயோகத்துக்கு எதை வேண்டுமானாலும் இடித்துக்கொள்ளலாம். விற்பதற்குத் தயாரித்தால் உரிமம் வேண்டும். கலப்படம் உள்ள மஞ்சளும், பூஞ்சை பிடித்த மூலிகையும் தோலுக்குக் கெடுதல் தான். 'இயற்கை' என்று லேபிள் ஒட்டினால் அது மாறிவிடாது. இரண்டாவது, "பூசினால் வெள்ளையாவீர்கள்" என்ற விளம்பரம். பயறும் மஞ்சளும் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும். தோலின் நிறத்தை மாற்றாது. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

பணக்காரக் குளியலின் பட்டியல் அடியார்க்கு நல்லார் எழுதி வைத்ததால் இன்றும் இருக்கிறது. எந்த மாதத்து உசிலை இலை நல்லது, எவ்வளவு நேரம் காய வேண்டும், சீயக்காயோடு எத்தனை பங்கு பயறு என்பதை உரல் பிடித்த பெண்கள் எழுதி வைக்கவில்லை. பலருக்கு எழுதத் தெரிந்திருக்கவும் இல்லை. அந்த அளவுகள் இன்னும் சில பாட்டிகளின் கைக்கணக்கில் மட்டும் தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டில் ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். பொடியை இடிப்பதும் இடிக்காததும் உங்கள் விருப்பம்.