கரை இரண்டு, கப்பல் ஒன்று

விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையிலுள்ள 1971 போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் நம் சங்கத்தார் பலரும் போய்வருகிறோம். அந்தப் போர்க் கதையில் நாம் அதிகம் பேசாத கணக்கு ஒன்று உண்டு. நாட்டுக்குக் கரையோ இரண்டு. விமானம் தாங்கிக் கப்பலோ ஒன்றே ஒன்று.

1961-இல் படையில் சேர்ந்த 'விக்ராந்த்'தான் அது. 1965 போரில் அது பழுதுபார்ப்பில் கிடந்தது. ஆனாலும் அதை மூழ்கடித்துவிட்டோம் என்று பாகிஸ்தான் தரப்பு சொல்லிக்கொண்டது! 1971-இலோ கொதிகலன் ஒன்றில் விரிசல். விமானம் எழும்ப எதிர்க்காற்று வேணும், அதற்குக் கப்பல் வேகமாக ஓடணும். கொதிகலன் குறைந்தால் வேகம் ஏது? இந்த நிலையில் அதைக் கராச்சிப் பக்கம் அனுப்பினால் நீர்மூழ்கிக்கு இரை. ஆகவே கிழக்கே அனுப்பினார்கள்.

கிழக்குப் பிரிவின் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நம் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவிட்டு, 'ராஜ்புத்' என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகைக்கு வெளியே நிறுத்தி, விக்ராந்த் மாதிரியே வயர்லெஸ்ஸில் பேசவைத்தார். மாலுமி ஒருவர் தாயாரின் உடல்நிலையை விசாரிப்பதுபோல ஒரு செய்திகூடப் போனதாம். இறைச்சி, காய்கறி என்று பெரிய கப்பலுக்குரிய அளவில் ஆர்டரும் கொடுத்தார்கள். சந்தையில் ஒற்றர் காதில் விழட்டும் என்றுதான்! விக்ராந்தைத் தேடி வந்த 'காஸி' நீர்மூழ்கி டிசம்பர் 3-4 நள்ளிரவில் இங்கேயே மூழ்கியது. எப்படி என்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போகவில்லை. 4-ஆம் தேதி விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. மேற்கே விமானம் தாங்கி இல்லாமலே, மூன்று ஏவுகணைப் படகுகள் அன்றிரவு கராச்சியைத் தாக்கின.

1987-இல் 'விராட்' வந்தது. 1997-இல் விக்ராந்த் ஓய்வு பெற, மறுபடி ஒன்றே. 1999-லிருந்து 2001 வரை அந்த விராட்டும் பழுதுபார்ப்பில். 2004-இல் ஒப்பந்தமான 'விக்ரமாதித்யா' 2008-இல் வரவேண்டியது, 2013-இல்தான் வந்தது. 2017-இல் விராட் ஓய்வு பெற்றது. கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பரில் சேரும்வரை திரும்பவும் ஒற்றைக் கப்பல்தான்.

இப்போது இரண்டு இருக்கிறதே என்பார்கள். ஒன்று டாக்கில் ஏறிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதானே! மூன்றாவது வேண்டும் என்று கடற்படை கேட்டுவந்ததற்குக் காரணம் இதுவே. அந்தப் பணத்தில் நீர்மூழ்கிகள் வாங்கலாம் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், 1971-இல் பயன்பட்டது கப்பல்களின் எண்ணிக்கை அல்ல. எந்தக் கடலை அது இல்லாமல் விடலாம் என்று முன்கூட்டியே முடிவெடுத்ததுதான்.