துப்பாக்கிக் குழலில் துருவும் குழியும்

ஊர்க் காவல் நிலையங்களில் 'திரீ நாட் திரீ' என்று சொல்வார்களே, அந்தத் துப்பாக்கியின் குழலுக்குள் கண்வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கனடா வந்த பிறகே கிடைத்தது. லீ-என்ஃபீல்ட் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது டொராண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் ஆலையில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் செய்தார்கள். கனடாவின் வடகோடியில் காவல் சுற்றும் ரேஞ்சர்கள், 1947-இல் அப்படை தொடங்கிய காலத்திலிருந்து 2010களின் இறுதிவரை இதைத்தான் சுமந்தார்கள். ஆகவே இங்கே தாத்தா விட்டுப்போன சொத்தாக இது கிடைப்பது சாதாரணம். உரிமம் வைத்திருப்பவன் என்பதால் வேட்டைக்குப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: உள்ளே துருப்பிடித்திருக்கிறது, சுடலாமா, தூக்கிப்போடுவதா?

துருவுக்கு ஈரத்தைக் குறை சொல்வது பாதி உண்மை. பழைய தோட்டாக்களின் அடியில், ஊசி அடிக்கும் பிரைமரில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. நம் சிவகாசித் தீக்குச்சித் தலையில் இருக்கும் அதே சரக்கு. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலின் சுவரில் படிகிறது. ரத்த அழுத்தக்காரர்களுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கிறார்களே, அதுவேதான். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதிலுள்ள குளோரைடு எஃகை அங்கங்கே துளைக்கும். பல்லில் சொத்தை விழுவதுபோல, மேலே சிறு புள்ளி, உள்ளே பள்ளம்.

எண்ணெயில் உப்பு கரையாது என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கியும் சில நாளில் துருப்பிடிப்பது ஏன் என்ற புதிரை அமெரிக்கச் சுரங்கப் பணியகத்துக்காக வில்பர்ட் ஹஃப் ஆராய்ந்து, 1922-இல் இந்த உப்பைத்தான் காரணமாகக் காட்டினார். பிரிட்டிஷ் சிப்பாய்களோ அனுபவத்தில் முன்பே வழி கண்டிருந்தார்கள்: புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழல் வழியே ஊற்றுவது. உப்பு கரைந்து போகும், சூடேறிய குழல் தானே உலரும், பிறகு எண்ணெய். ஆயிரம் திரவங்கள் விற்கும் இந்நாளிலும் பழைய ராணுவத் தோட்டா சுடுகிறவருக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை என்பது என் கருத்து. புதிய வணிகத் தோட்டாக்களில் இந்தத் தொல்லை இல்லை.

இனி, ஏற்கெனவே துருப்பிடித்த குழல். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி, வாய்ப்பக்கம் விளக்கு காட்டிப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி மேலோட்டமான துரு, துடைத்தால் போகும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையைப் பின்பக்கத்திலிருந்து செலுத்தி, துணித்துண்டு சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சில நாள் ஆகலாம். துளையிடும் மின்கருவியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துருவோடு காடிகளின் விளிம்பும் போய்விடும், அந்தக் குழலுக்குப் பிறகு வைத்தியமே கிடையாது.

குழி வேறு. அங்கே எஃகே இல்லை. இல்லாததைத் தேய்த்துக் கொண்டுவர முடியாது. குழியின் ஆழம்வரை தேய்த்தால் குழல் அகலமாகி, குண்டு காடியைப் பிடிக்காமல் தளர்ந்து ஓடும். ஆனால் குழி விழுந்த குழல் எல்லாம் குப்பை அல்ல. நடுப்பகுதியில் ஆழமற்ற குழிகள் இருந்தும் குறி தவறாத துப்பாக்கிகள் உண்டு. செம்புப் படிவு சீக்கிரம் சேரும், அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. குழலின் வாய் விளிம்பில் குழி இருந்தால் குறி சிதறும். தோட்டா அமரும் அறையில் இருந்தால் சுட்ட கூடு ஒட்டிக்கொண்டு வெளிவராது. அறையிலோ அதை ஒட்டியோ ஆழமான குழி இருந்தால், அல்லது குழல் எங்கேனும் வளையம்போல் வீங்கியிருந்தால், துப்பாக்கித் தச்சர் அளந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுடக்கூடாது. முகத்துக்கு அரை அடி தூரத்தில் வெடிக்கிற பொருள் அது.

நம்மவர்கள் புதிதாகச் சந்திக்கும் துரு இன்னொன்று. மைனஸ் 20 குளிரில் வேட்டையாடிவிட்டுச் சூடான வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடி மங்குவதுபோல் குழலின் உள்ளும் புறமும் வியர்க்கும். உறையோடு மூடியபடியே சில மணி நேரம் பூட்டி வைத்து, இரும்பு வீட்டின் சூட்டுக்கு வந்தபின் திறந்து துடைத்து எண்ணெய் போட வேண்டும்.