ஒற்றுப்பிழை: இதழ்களும் வாசகர் முறையீடும்

தமிழ் இதழ்களுக்கு வரும் வாசகர் கடிதங்களில் தலைமுறை தலைமுறையாக ஓயாத முறையீடு ஒன்று உண்டு: ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்பது. 'தமிழ்ச் சங்கம்' என்று இருக்க வேண்டியது 'தமிழ் சங்கம்' என்றும், 'அதைச் செய்தார்' என்பது 'அதை செய்தார்' என்றும் அச்சாகியிருப்பதைச் சுட்டிக்காட்டி ஆசிரியருக்கு எழுதுவோரில் தமிழாசிரியர்கள் உண்டு. பள்ளியில் படித்ததை மறவாத பிற தொழிலினரும் உண்டு. இந்த முறையீடு இலக்கணத்தைப் போலவே பழையது என்று தோன்றலாம். புணர்ச்சி விதிகள் தொல்காப்பியத்திலேயே விரிவாக உள்ளன. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் அவற்றைச் சுருக்கித் தந்தது. ஆனால் ஒற்றை 'விட்டுவிடுதல்' என்னும் பிழை பெருகியது அச்சுக் காலத்தில்தான்.

ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஒரே தொடராக ஓடும். வல்லினம் மிகுவது வாயில் கேட்பது, ஓலையிலும் அப்படியே விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு உரைநடை வளர்ந்தபோது படிப்பவரின் வசதிக்காகச் சொற்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் மாணவர்க்காகச் சந்தி பிரித்தும் நிறுத்தக்குறிகள் இட்டும் அச்சிட்டனர். இடைவெளி வந்ததும் மிகுந்த ஒற்று முதற்சொல்லின் வாலில் தனியே தொங்கியது. அது அங்கே நிற்பதற்குக் காரணமோ அடுத்த சொல். கண்ணுக்கு இரண்டாகத் தெரியும் சொற்களை ஒன்றாக ஒலித்துப் பார்ப்பவருக்கே அந்த ஒற்றின் தேவை புலப்படும்.

அச்சுக்கூடத்தின் வேலைமுறையும் இதற்குத் துணைபோயிற்று. கையால் அச்சுக்கோத்த காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஈயத் துண்டு. 'அவரைப் பார்த்தேன்' என்று கோத்து முடித்த பின், மெய்ப்பில் நடுவே 'மறுநாள்' என்று ஒரு சொல் நுழைந்தால் 'ப்' போக வேண்டும். 'சென்னையில்' நுழைந்தால் அந்த இடத்தில் 'ச்' வர வேண்டும். நுழைத்தவரும் கோத்தவரும் அதைக் கவனிக்காவிட்டால் 'அவரைப் மறுநாள் பார்த்தேன்' என்று அச்சாகும். மறுநாள் காலைக்குள் வெளிவர வேண்டிய நாளிதழில் இது நேர்வது எளிது. இலக்கணம் தெரியாததால் வந்த பிழை வேறு, சொல் மாற்றியபோது தங்கிவிட்ட பிழை வேறு. கடிதம் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

எல்லா ஒற்றுப்பிழையும் ஒரே எடை உடையதும் அன்று. 'அதை செய்தார்' என்பதில் காது உறுத்தும், பொருள் மாறாது. 'வேலை கொடு' என்பது தொழில் கேட்பது. 'வேலைக் கொடு' என்பது முருகன் கையிலுள்ள ஆயுதத்தைக் கேட்பது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைக் கொம்பால் செய்தது. இத்தகைய இடங்களில் முறையீடு முழுக்க நியாயமானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு வகை இதழ்கள் அருகருகே இருந்தன. 1901இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' புலவர்க்கானது. 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' செய்தி நாடுவோர்க்கானது. 1904இல் அதில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதி, கூடியவரை பேசுவது போல எழுத வேண்டும் என்ற கருத்தைப் பின்னாளில் தம் 'வசன நடை' கட்டுரையில் வைத்தார். 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தந்தி' இன்னும் ஒரு படி இறங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கிக்கொண்டது. பேச்சுத் தமிழைக் கொச்சை நீக்கி எழுதுவதே அவர் வகுத்த நெறி. கல்வி சிலருக்கே கிட்டிய நாட்டில் இலக்கணத்தைக் காட்டி எழுத்தைத் தடுப்பது புதிதாக எழுத வருபவரை வாசலில் நிறுத்துவதாகும் என்ற எண்ணம் இதழாளரிடம் வலுப்பெற்றது.

மறுபக்கத்திலும் நியாயம் இருந்தது. பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவருக்கு அன்றாடம் கைக்கு வரும் தமிழ் நாளிதழ்தான். அதிலுள்ளது பிழையானால் அவர் கற்பதும் பிழையே. அவசரம் என்ற சாக்கும் முழுதாகச் செல்லாது. வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க., அவ்வேலையை விட்டு 1917இல் 'தேசபக்தன்' ஆசிரியரானார். ஆங்கிலச் சொற்கள் மலிந்திருந்த அரசியல் எழுத்தை அந்த நாளிதழிலேயே அவர் நல்ல தமிழில் எழுதிக் காட்டினார். படித்தவர்கள் குறைந்துவிடவில்லை.

முறையீட்டாளரும் சில இடங்களில் எல்லை தாண்டினர். பொங்கல் மலரின் முகப்பில் 'வாழ்த்துக்கள்' என்று வந்தால் 'கள்' முன் ஒற்று மிகாது, 'வாழ்த்துகள்' என்பதே சரி என்று கடிதம் வரும். அதற்கு இலக்கண வாதம் உண்டு; ஆயினும் 'எழுத்துக்கள்' போன்ற வடிவங்கள் பழைய உரைநடையிலும் கற்றறிந்தோர் பதிப்புகளிலும் தாராளமாகக் காணப்படுகின்றன. வேறு சில வழக்குகளில் முறையீடு தோற்றே போயிற்று. 'முயல்கிறார்' என்பதே முறை என்று எவ்வளவோ பேர் எழுதியும் 'முயற்சிக்கிறார்' இன்று செய்திகளில் இயல்பாக வழங்குகிறது. 'சுவற்றில்' அன்று, 'சுவரில்' என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

அ.கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' என்னும் நூல் இத்தகைய பிழைகளை எடுத்துக்காட்டி விளக்கி, பல பதிப்புகள் கண்டு, மாணவர் கையில் மட்டுமன்றி இதழ் அலுவலக மேசைகளிலும் இடம்பிடித்தது. இப்போது 'நாவி' போன்ற சந்திப்பிழை திருத்திகள் கணினியிலேயே கிடைக்கின்றன. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் விட்டுப்போன ஒற்றைக் கண்டுபிடிப்பது இயந்திரத்திற்கு எளிது. 'வேலை' என்ற சொல் வந்தால் மட்டும் அது தொழிலா, வேலாயுதமா என்பதை எழுதியவரே சொல்ல வேண்டியிருக்கிறது.