ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

2020 மார்ச் கடைசி வாரம். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆபீசில் மெஷின் டிசைன் செய்கிற செக்‌ஷன் ஒன்று உண்டு. லாக்டவுன் வந்ததும் ஆட்கள் எல்லாம் வீட்டில், அவர்களுடைய கனமான ஒர்க்ஸ்டேஷன் எல்லாம் பூட்டின ஆபீசுக்குள்ளே. ஆளுக்கு ஒரு சாதா லேப்டாப்தான் மிச்சம். எங்கள் டீம் ராவும் பகலுமாக ஆணி பிடுங்கி, சர்வரில் இருந்த 16 ஜிபி கார்டு ஒன்றை எட்டாகப் பிரித்து, எட்டு பேருக்கு எட்டு விர்ச்சுவல் டெஸ்க்டாப் கொடுத்தோம். ரெண்டு நாள் ஒரே பாராட்டு மழை.

மூணாம் நாள் டிசைன் செக்‌ஷன் அக்கா ஒருத்தர் போன் பண்ணினார். "தம்பி, காலைல அஞ்சு மணிக்கு ஜம்முன்னு ஓடுது. பத்து மணிக்கு மவுஸே ஒட்டிக்குது. என் மேல தப்பா, நெட்டு மேல தப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவங்க அதற்கப்புறம் தினம் நாலரைக்கு எழுந்து வேலையை முடிக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை வேறு.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தச் சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். பொட்டி தட்டாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஒரு கம்ப்யூட்டரைப் பலபேர் பங்கு போட்டுக்கொள்வது ரொம்பப் பழைய சமாச்சாரம். 1961-லேயே எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் ஆட்களும் சி.டி.எஸ்.எஸ். என்று ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஒருத்தர் கணக்கைக் கொஞ்சம் ஓட்டு, நிறுத்து, விட்ட இடத்தைக் குறித்து வை, அடுத்தவர் கணக்கை எடு. அவ்வளவுதான் சூட்சுமம். ப்ராசசருக்கு இது ஒத்துவரும், குறித்து வைக்க வேண்டியது கொஞ்சம்தான். கிராஃபிக்ஸ் கார்டு இப்படி வளரவே இல்லை. எதிரே ஒரே ஆள், ஒரே மானிட்டர், உள்ளே இருக்கிற மெமரி பூராவும் அந்த ஒருத்தருக்கே என்று எண்ணிச் செய்த பொருள் அது. தனிக்குடித்தனத்துக்குக் கட்டின வீடு. அதில் எட்டு குடும்பத்தைக் குடிவைக்கிற கதைதான் இது.

இதற்கு முன்னால் இன்னொரு சிக்கலைத் தாண்ட வேண்டியிருந்தது. படத்தை எங்கே வரைவது? 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1987-ல் பதினோராவது வெர்ஷனாக நிலைபெற்ற எக்ஸ் விண்டோ சிஸ்டத்தில் வழக்கம் தலைகீழ். புரோகிராம் தூரத்து கம்ப்யூட்டரில் ஓடும், "இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு பெட்டி" என்று கட்டளைகள் மட்டும் நெட்வொர்க்கில் வரும், வரைவது உங்கள் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டர். 1992-ல் ஓபன்ஜிஎல் வந்ததும் முப்பரிமாணக் கட்டளைகளுக்கும் இதே பாதையைப் போட்டார்கள். சின்னப் படம் என்றால் சரி. லட்சக்கணக்கில் முக்கோணங்களை அனுப்பினால் நெட்வொர்க் மூச்சு முட்டிப் போகும்.

இதை உடைத்தது சினிமாவோ கேமோ இல்லை, எண்ணெய்! பெட்ரோல் தேடுகிறவர்கள் பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிந்து, அதை முப்பரிமாணப் படமாகப் பார்ப்பார்கள். அந்தத் தரவு மலை மாதிரி இருக்கும், இடம் மாற்ற முடியாது. லேண்ட்மார்க் கிராஃபிக்ஸ் என்ற நிறுவனத்தில் உருவாகி, 2004-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த விர்ச்சுவல்ஜிஎல் பிரச்சினையைத் திருப்பிப் போட்டது. தரவு இருக்கிற இடத்திலேயே வரை, வரைந்த படத்தை மட்டும் அனுப்பு.

அது செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது ஒரு பொய் சொல்லும். புரோகிராம் கிளம்பும்போதே இந்த லைப்ரரி உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். "வரைய ஒரு ஜன்னல் கொடு" என்று புரோகிராம் கேட்டால், சர்வரில் இருக்கிற கார்டின் மெமரியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகையை எடுத்து நீட்டும். புரோகிராம் அதில் வரைந்து முடித்ததும், படத்தை ஜேபெக்காகச் சுருக்கி ஆளுக்கு அனுப்பிவிடும். புரோகிராமில் ஒரு வரி மாற்ற வேண்டாம். ஒரே கார்டில் பலபேர் வரையலாம். அந்த ஜேபெக் சுருக்கும் வேலையைத் துரத்திக்கொண்டு போனதில் முளைத்ததுதான் 2010-ல் வந்த லிப்ஜேபெக்-டர்போ. குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டும் படத்தை விரிக்க அதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆனால் இதெல்லாம் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் பலபேர். டிசைன் ஆட்களுக்கு வேண்டியது ஆளுக்கொரு விண்டோஸ். விர்ச்சுவல் மெஷின் என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு ஆபரேட்டிங் சிஸ்டம், ஒவ்வொன்றுக்கும் தான்தான் வீட்டுக்காரன் என்ற நினைப்பு! முழுக் கார்டையும் ஒரே மெஷினிடம் தூக்கிக் கொடுக்கலாம். அது பங்கு இல்லை, தத்து.

மைக்ரோசாஃப்ட் 2008-ல் கலிஸ்டா என்ற சின்னக் கம்பெனியை வாங்கி, 2011 பிப்ரவரியில் ரிமோட்எஃப்எக்ஸை வெளியிட்டது. இதுவும் பொய் வழிதான். உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு ஒரு போலிக் கார்டு காட்டுவார்கள். அதனிடம் வரும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வெளியே தூக்கிவந்து நிஜக் கார்டில் வரைவார்கள். ஆரம்பத்தில் டைரக்ட்எக்ஸ் 9 வரைக்கும்தான்.

2012 மே மாதம் என்விடியா வேறு பாதையைக் காட்டியது. விஜிஎக்ஸ் என்று சொன்னார்கள், பிறகு கிரிட் என்று பேர் மாறியது. கிரிட் கே1 என்ற பலகையில் நாலு சில்லு, மொத்தம் 16 ஜிபி மெமரி. 2013 கடைசியில் சிட்ரிக்ஸின் சென்சர்வரிலும், 2015-ல் விஎம்வேரிலும் கார்டைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. சின்ன அளவில் வெட்டினால் ஒரு பலகையில் 32 பேர்.

எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைச் சொல்ல எங்கம்மா வளர்ந்த திருவல்லிக்கேணி வீடுதான் சரி. எட்டு குடித்தனம், எட்டு அறை, ஒரே குழாய். கார்டின் மெமரி என்பது அறை. உங்களுக்கு 2 ஜிபி என்றால் 2 ஜிபி, பக்கத்து அறை காலியாக இருந்தாலும் அங்கே பாய் விரிக்க முடியாது. வரைகிற இஞ்சின் என்பது குழாய். அதை வெட்டிப் பிரிக்கவில்லை, முறை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இந்த முறை வைப்பதில்தான் அந்த அக்கா மாட்டியிருக்கிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீடு என்றால் வாடகை இருக்குமே! கே1, கே2 வாங்கினால் அதோடு முடிந்தது. 2015-ல் டெஸ்லா எம்60-ஓடு வந்த கிரிட் 2.0-விலிருந்து, கார்டு விலை போக, பிரித்துக் கொடுக்கத் தனி லைசன்ஸ். கார்டை வாங்கினவன் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சாதா ஜிஃபோர்ஸ் கார்டைப் பிரிக்காமல் முழுசாக விர்ச்சுவல் மெஷினிடம் கொடுத்தால்கூட, டிரைவர் மோப்பம் பிடித்து எரர் 43 என்று மல்லாந்துவிடும். நம்ம ஆட்கள் விடுவார்களா? "நீ நிஜ மெஷினில்தான் இருக்கே" என்று டிரைவரிடமே பொய் சொல்ல வைத்தார்கள். 2013-ல் ஒருத்தர் ஜிடிஎக்ஸ் 690 கார்டில் குட்டி ரெசிஸ்டர்களை மாற்றிப் பற்றவைத்து, விலை உயர்ந்த கார்டு என்று அதை நம்ப வைத்தார். 2021 மார்ச்சில்தான் ஜிஃபோர்ஸை முழுசாகக் கொடுப்பதை என்விடியா அனுமதித்தது. பிரிப்பதை இல்லை. அடுத்த மாசமே அதற்கும் பூட்டை உடைக்கிற வழி ஒன்று வெளியே வந்தது.

வாடகை கேட்காத வீடுகளும் இருந்தன. இன்டெல்லின் ஜிவிடி-ஜி 2017 பிப்ரவரியில் லினக்ஸ் 4.10-க்குள் வந்தது. ஏஎம்டி 2016-ல் ஃபயர்ப்ரோ எஸ்7150-ல் பிரிவினையை ஹார்ட்வேரிலேயே செய்தது, 16 பேர் வரை.

சுவர் மெலிசாக இருந்தால் என்ன ஆகும் என்று காட்டியது ரிமோட்எஃப்எக்ஸ்தான். உள்ளே இருக்கிற விர்ச்சுவல் மெஷினிலிருந்து வரும் கட்டளைகளை நிஜ டிரைவரிடம் கொடுக்கும்போது சரியாகச் சோதிக்கவில்லை. விஷமமான கட்டளை அனுப்பி வெளியே இருக்கிற சர்வரிலேயே புகுந்து விளையாடலாம். அமைப்பிலேயே இருக்கிற ஓட்டை, ஒட்டுப் போட முடியாது என்று மைக்ரோசாஃப்ட் 2020 ஜூலையில் அதை முடக்கியது, 2021 ஏப்ரலில் எடுத்தே விட்டது. ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரம்! நாங்கள் அந்த வீட்டில் குடி போகவில்லை என்பது எங்கள் சமர்த்து இல்லை, அதிர்ஷ்டம்.

நடுவில் ஒரு சொந்த சோகம். ஆர்வக்கோளாறில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கே1 ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபேனே இல்லை. சர்வருக்குள் அடிக்கிற காற்றை நம்பிச் செய்த கார்டு, 130 வாட். டேபிள் ஃபேனை எதிரே வைத்து ஓட்டினேன். அம்மா பார்த்த பார்வை இருக்கே... :-)

சரி, அக்கா கதை. குழாயில் முறை வைக்க மூணு வழி உண்டு. கேட்கிறவனுக்கெல்லாம் கிடைத்தவரை கொடு என்பது ஒன்று, நாம் தொடாமல் விட்டால் அதுதான். ஓடுகிற மெஷினுக்கெல்லாம் சமமாகக் கொடு என்பது ரெண்டாவது. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் பங்கு இவ்வளவுதான் என்பது மூணாவது. நாங்கள் யாருமே அந்த செட்டிங்கைத் திறந்து பார்க்கவில்லை. பத்து மணிக்கு ஒருத்தர் பெரிய அசெம்ப்ளி ஒன்றைத் திறந்து சுழற்றச் சுழற்ற, மற்ற ஏழு குடமும் காலி. தப்பு அக்கா மேலும் இல்லை, நெட்டு மேலும் இல்லை.

ரெண்டாவதுக்கு மாற்றி, ராத்திரி ஒரு மணிக்கு சர்வரை ரீபூட் பண்ணினோம். அடுத்த நாள் பத்தரைக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். "நல்லா இருக்கு தம்பி. ஆனா விடிகாலைல முன்ன மாதிரி பறக்கலையே?" என்றார். எட்டு மெஷினையும் ராத்திரி யாரும் அணைப்பதில்லை. அதனால் அவர் தனியாக இருக்கும்போதும் கணக்கில் எட்டு பேர், பங்கு எட்டில் ஒன்று. இதை நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், "பரவால்ல விடுங்க, இனிமே நாலரைக்கு யாரு எந்திரிக்கப் போறா" என்று சொல்லி வைத்துவிட்டார்.