இருப்பிடம் ஒரு நிபந்தனை: இலண்டனில் துலீப் சிங்

சீக்கியப் பேரரசின் கடைசி மன்னரான துலீப் சிங்கின் அயலக வாழ்வை இலண்டன் தெருக்களில் நடந்து பின்தொடர முனைவோர், லாகூரில் 1849 மார்ச் 29 அன்று நிறைவேறிய உடன்படிக்கையை முதலில் வாசித்துவிடுவது நல்லது. இரண்டாம் ஆங்கிலேய–சீக்கியப் போருக்குப்பின் பத்து வயதுச் சிறுவனிடம் ஒப்பம் பெற்ற அந்த ஆவணம், பஞ்சாபையும் கோகினூர் வைரத்தையும் கவர்ந்துகொண்டதோடு, அவர் பிரிட்டிஷ் அரசுக்குப் பணிந்து, கவர்னர் ஜெனரல் குறிப்பிடும் இடத்தில் வசித்தால்தான் ஓய்வூதியம் கிடைக்கும் என்றும் விதித்தது. அவர் தங்கிய ஒவ்வொரு முகவரியையும் இந்த நிபந்தனையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், அரசவை விருந்தினர் என்று பலமுறை சித்திரிக்கப்பட்டவரின் உண்மை நிலை விளங்குகிறது.

வங்காளப் படையின் மருத்துவரான ஜான் லாகினின் பொறுப்பில் கங்கைக் கரையிலுள்ள பத்தேகரில் வளர்ந்து, 1853இல் கிறித்தவம் தழுவிய துலீப் சிங், மறு ஆண்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது, பின்னாளில் கிளாரிஜஸ் என்று புகழ்பெற்ற புரூக் தெரு விடுதியில் தங்கினார். அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய பக்கிங்காம் அரண்மனையில், அவ்வாண்டு ஜூலையில், விக்டோரியா அரசியின் விருப்பப்படி ஓவியர் வின்டர்ஹால்ட்டர் அவரை வரைந்தார். அந்த அமர்வுகளுள் ஒன்றில், 186 காரட்டிலிருந்து சுமார் 105 காரட்டாக வெட்டிச் சிறிதாக்கப்பட்டிருந்த கோகினூர் அவர் கையில் தரப்பட்டது. சன்னல் ஒளியில் அதை நெடுநேரம் திருப்பிப் பார்த்தபின், தம் கையாலேயே அரசியிடம் அவர் ஒப்படைத்தார் என்று லாகினின் மனைவி எழுதிவைத்தார். இதை மனமுவந்து அளித்த பரிசாக விவரிக்கும் நூல்கள் உண்டு. நாட்டையும் தாயையும் இழந்து, காப்பாளர்கள் சூழ நின்ற பதினைந்து வயதுச் சிறுவனுக்கு வேறு எந்த வழி திறந்திருந்தது என்பதை அவை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹைட் பூங்காவின் வடக்கு ஓரத்திலுள்ள லங்காஸ்டர் கேட், இந்த நடையில் மிகுந்த கவனத்துக்குரிய இடமாகும். மகனின் பெயரால் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த அன்னை ஜிந்த் கௌரை ஆங்கிலேயர் 1847இல் மகனிடமிருந்து பிரித்தனர். சுனார் கோட்டையிலிருந்து தப்பி நேபாளம் சென்ற அவரை மகன் மீண்டும் சந்தித்தது 1861 ஜனவரியில், கல்கத்தாவில்தான். அவ்வாண்டிலேயே மகனுடன் இலண்டன் வந்து இப்பகுதியில் குடியேறிய ராணி, பார்வை மங்கி உடல் நலிந்திருந்தபோதும், தந்தை இரஞ்சித் சிங்கின் பெருமையையும் பறிபோன குடும்பச் சொத்துகளையும் மகனுக்குத் தொடர்ந்து எடுத்துரைத்தார். இதனால் அஞ்சிய அதிகாரிகளும் லாகினும் தாயையும் மகனையும் பிரித்துவைக்க வற்புறுத்தியதன் விளைவாக, கென்சிங்டனில் இருந்த அபிங்டன் இல்லத்திற்கு ராணி மாற்றப்பட்டார். 1863 ஆகஸ்ட் 1 அன்று அங்கேயே காலமானார்.

அக்காலத்தில் பிரிட்டனில் பிணத்தை எரிக்கும் வழக்கம் இல்லாததால், கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் ராணியின் உடல் மாதக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத கிறித்தவர்களுக்கென அங்கு அமைந்த சிற்றாலயத்தின் நிலவறையில், அவருடைய பெயர் பொறித்த சலவைக்கல் 1997இல் கண்டெடுக்கப்பட்டது. 1864இல் உடலை இந்தியாவுக்குக் கொண்டுசென்ற மகனைப் பஞ்சாபுக்குள் நுழைய அரசு விடவில்லை. ஆகவே கோதாவரிக் கரையில் நாசிக்கில் எரியூட்டு நடந்தது. எங்கே வசிப்பது என்பதை முடிவுசெய்த அதிகாரம், தாயை எங்கே எரிப்பது என்பதையும் முடிவுசெய்தது. பேத்தி பம்பா 1924இல் எடுத்துச் சென்ற பின்னரே, அச்சாம்பல் லாகூரில் இரஞ்சித் சிங்கின் சமாதியை அடைந்தது.

சஃபோக் மாவட்டத்து எல்வெடன் பண்ணையில் வேட்டைப் பிரியரான நிலக்கிழாராகத் துலீப் சிங் வாழ்ந்த ஆண்டுகள் இந்த நகர நடையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை; எனினும் பண்ணைக்காக வாங்கிய கடன்தான் அவரை வைட்ஹாலில் இயங்கிய இந்தியா அலுவலகத்தோடு, அதாவது 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்ததும் இந்திய நிர்வாகத்திற்கென அமைந்த துறையோடு, இடைவிடாத பூசலில் நிறுத்தியது. மேற்கு இலண்டனில் ஹாலண்ட் பார்க் 53ஆம் எண் வீட்டில், அவர் வாழ்ந்த இடம் என்பதற்கான நீலவட்டப் பலகை இன்று காணப்படுகிறது. 1882இல் டைம்ஸ் நாளிதழில் தம் உரிமைக் கோரிக்கையை அச்சேற்றிய அவர், உடன்படிக்கையில் சேராத குடும்பச் சொத்துகளும் பறிக்கப்பட்டதாக வாதிட்டார். 1884இல் உறவினர் தாக்கர் சிங் சந்தன்வாலியா இலண்டன் வந்து தங்கி சீக்கிய சமயத்தை எடுத்துரைத்தது, தாய் விதைத்ததை மேலும் வளர்த்தது.

கோரிக்கை ஏற்கப்படாத நிலையில், 1886 மார்ச் இறுதியில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய அவரை ஏடன் துறைமுகத்தில் அரசு தடுத்து நிறுத்தியது. அங்கேயே அமிர்தம் பெற்று, அதாவது சீக்கியராவதற்கான தீட்சையை ஏற்று, முன்னோர் சமயத்திற்குத் திரும்பிய அவர், பாரிஸ் சென்று, ரஷ்யாவின் துணையை நாடி மாஸ்கோ வரை போய், பயனின்றிப் பாரிசுக்கே மீண்டு, 1893 அக்டோபர் 22 அன்று அங்கு இறந்தார். உடல் எல்வெடனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆங்கிலத் திருச்சபைச் சடங்குடன் அடக்கம் செய்யப்பட்டது. இந்தியா அலுவலகத்தின் ஆவணங்கள் இன்று செயின்ட் பாங்கிராஸ் பகுதியிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வசிப்பிடத்திற்கும் பணத்திற்கும் பயணத்திற்கும் அந்த மன்னர் எழுத நேர்ந்த விண்ணப்பங்களையும், அவற்றுக்கு அதிகாரிகள் எழுதிய மறுமொழிகளையும் தேடுவோர் நடையை அங்கே முடிக்கலாம்.