கிட்டார் வடிவ உரிமை (அமெரிக்கா)

மின்கிட்டாரின் உடல், தலைப்பகுதி ஆகியவற்றின் புறவடிவத்தைத் தயாரிப்பாளரின் அடையாளமாகக் கொண்டு, பிறர் அதைக் கையாளாமல் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு. வடிவமைப்புக் காப்புரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் காலாவதியாகும். வணிகக்குறியோ பயன்பாட்டில் உள்ளவரை நீடிக்கும். எனவே பெரிய வழக்குகள் வணிகக்குறி சார்ந்தே எழுந்தன. பலரும் நெடுங்காலம் செய்துவரும் பொதுவடிவத்துக்கு இவ்வுரிமை கிடையாது.

1970களில் ஜப்பானிய நகல்கள் அமெரிக்கச் சந்தையில் பெருகின. கிட்டார் தயாரிப்பாளரான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது 1977இல் வழக்குத் தொடுத்தது. அக்காலத்து நகல்கள் அனைத்துக்கும் ‘வழக்குக் கிட்டார்’ என்ற பெயர் தளர்வாகவே ஒட்டிக்கொண்டது. வழக்கு தலைப்பகுதி வடிவம் பற்றியது மட்டுமே, அதுவும் சமரசத்தில் முடிந்தது. பால் ரீட் ஸ்மித் கிட்டார் நிறுவனத்துக்கு எதிராகக் கிப்சன் பெற்ற தடையை 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஏனெனில், கடையில் வாங்கும் தருணத்தில் தயாரிப்பாளர் யார் என்ற குழப்பம் நேராது என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டிருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் உடல்வடிவங்களைப் பதிவுசெய்யும் ஃபெண்டரின் கோரிக்கை 2009இல் மறுக்கப்பட்டது.

உள்நாட்டுத் தயாரிப்புப் பற்று சட்டத்துக்கு வெளியே செயல்படும் தனிக் காப்பு. ‘அமெரிக்கத் தயாரிப்பு’ முத்திரை கூடுதல் விலை பெறுகிறது. ஆயினும் ஃபெண்டர் 1982இல் ஜப்பானிலேயே கூட்டுநிறுவனம் தொடங்கி, ஸ்க்வையர் என்னும் மலிவுப் பெயரில் தன் வடிவங்களைத் தானே விற்றது.