அன்னாளின் 84 வருஷம்

இன்னைக்கு ஒரு சின்ன கணக்கு போடுவோம்.

லூக்கா சுவிசேஷம் ரெண்டாவது அதிகாரத்துல அன்னாள்னு ஒரு பாட்டி வர்றாங்க. கல்யாணமாகி ஏழே வருஷத்துல கணவர் தவறிட்டார். அப்புறம் எருசலேம் ஆலயமே கதி. உபவாசம், ஜெபம். வயசு 84. விதவையா இருந்ததே 84 வருஷம்னும் அந்த கிரேக்க வரியைப் படிக்கலாம். நான் வயசுன்னே எடுத்துக்கிறேன்.

இயேசு பிறந்தது கி.மு. 6-க்கும் 4-க்கும் நடுவுலன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. அப்படின்னா கி.மு. 63-ல ரோமத் தளபதி பாம்பேயுஸ் எருசலேமைப் பிடிச்சு, தலைமை ஆசாரியர் மட்டுமே போகக்கூடிய மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள நுழைஞ்சப்போ, அன்னாளுக்கு 25, 27 வயசு இருக்கும். கிட்டத்தட்ட என் வயசு. கி.மு. 37-ல ரோமப் படையோட ஏரோது அதே நகரத்தைப் பிடிச்சப்போ ஐம்பதைத் தாண்டியாச்சு.

அன்னாளைப் பத்தி லூக்காவைத் தவிர வேற சாட்சி கிடையாது. ஆனா இதையெல்லாம் பார்த்து, விடுதலைக்குக் காத்திருந்த ஒரு தலைமுறை நிஜமாவே இருந்தது.

ஒருநாள் ஒரு தம்பதி கைக்குழந்தையோட ஆலயத்துக்கு வர்றாங்க. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவங்க ரெண்டு பறவை கொடுக்கலாம்னு சட்டம். லூக்கா சொல்றது அந்தப் பறவைகளை மட்டும்தான். சிமியோன் குழந்தையைக் கையில வாங்கி, இனி நிம்மதியா கண்ணை மூடலாம்னு கடவுள்கிட்ட சொல்றார். ஓவியங்கள்ல அவருக்கு வெள்ளைத் தாடி இருக்கும். லூக்கா அவர் வயசைச் சொல்லவே இல்ல. அன்னாள், எருசலேமோட மீட்புக்குக் காத்திருந்த எல்லார்கிட்டயும் அந்தக் குழந்தையைப் பத்திப் பேசுறாங்க.

இங்கதான் நான் நின்னுட்டேன். லூக்கா இதை எழுதினது கி.பி. 80-90 வாக்குலன்னு பல ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. கி.பி. 70-லயே ரோமப் படை அந்த ஆலயத்தை இடிச்சுத் தள்ளிடுச்சு. எருசலேம் மீளலைன்னு அவருக்கும் தெரியும், படிக்கிறவங்களுக்கும் தெரியும். இருந்தும் அந்த வரியை அவர் எடுக்கல.

எங்க ஆபீஸ்ல ரிலீஸ் ஆகாம எதையும் முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டோம். சிமியோன் பார்த்தது ஒரு பச்சைக்குழந்தையை மட்டும்தான். ரோம் அங்கேயேதான் இருக்கு. குழந்தையோட அம்மாகிட்ட, உன் உள்ளத்தை ஒரு வாள் உருவிப்போகும்னும் அவரே சொல்றார். கஷ்டம் தீரலைன்னு தெரிஞ்சேதான் அவர் நிம்மதி அடையுறார். நம்பிக்கை நிறைவேறுறதுன்னா எல்லாம் முடியுறதுன்னு நினைச்சிருந்தேன். இவங்க ரெண்டு பேருக்கும் தொடக்கத்தைப் பார்த்ததே போதுமா இருந்திருக்கு.

டிசம்பர் 25-ஐயும் சேர்த்து நாற்பது நாள் எண்ணுங்க, பிப்ரவரி 2 வரும். பல சபைகள் இந்தச் சந்திப்பை அன்னைக்குத்தான் நினைவுகூருறாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.